ஆட்டுக்கொம்பு சைக்கிள்

சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. வாங்க தம்பி, வாங்க. சித்த இருங்க, இந்தக் கற்பூரவல்லித் தொட்டிக்கு ரெண்டு பீச்சு தண்ணி பீச்சிப்போட்டு வந்தர்றேன். வெடியால ஊத்த மறந்துபோச்சு. ம், அவ்வளவுதான். செருப்ப இப்படி ஓரமா உடுங்க. காலியூடுன்னாலும் ஊடு ஊடுதானுங்களே.

ஓனர் திருப்பூருங்க. பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு, அவருக்கு இங்க வந்து நிக்க நேரமேது? "தெய்வசிகாமணி அண்ணா, யாரு என்னன்னு நீங்களே பாத்து உடுங்க"ன்னு சாவியக் கையில குடுத்துட்டாரு. எதுத்த ஊடுதான் நம்முளுது. நானும் எங்கூட்டம்மாவும் மட்டுந்தான். ராத்திரி தலைவலின்னாக்கூட நீங்க கதவத் தட்டலாம். அக்கம்பக்கம்னா அதுக்குத்தானுங்களே.

இது ஹாலு. கெழக்குப் பாத்த சன்னலு, விளக்கே போட வேண்டியதில்ல. அது சமையக்கட்டு. தண்ணிக்குக் கொறையே இல்லீங்க, சிறுவாணித் தண்ணி, குடிச்சுப் பாத்தா வேற ஊர்ல வாய் வெக்க மாட்டீங்க.

ஏன் காலி பண்ணுனாங்கன்னா? கேளுங்க, கேக்கோணும். குடி வர்றவிங்க கேக்காம இருந்தாத்தான் தப்பு. ஊட்டு மேல ஒரு கொறையும் இல்லீங்க. எம்மேலதான் கோவிச்சுட்டுப் போனாங்க. ஆமாங்க, எம்மேலதான். நல்லது பண்ணப் போயிப் பொல்லாப்பு வாங்குனவன் உங்க முன்னால நிக்கறேன், நல்லாப் பாத்துக்கங்க.

தை பொறந்ததும் லாரி வந்து நின்னுது. சாமான் ஏத்துனாங்க. நான் இந்த வாசப்படிலதான் நிக்கறேன். "போயிட்டு வர்றமுங்ணா"ன்னு ஒரு வார்த்தை? மூச்! மூணு வருசம் எங்கூட்டு ரசம் இங்க, இவிங்கூட்டுச் சட்னி அங்கன்னு பொழங்குனவிங்க. அதுக்கு முன்னால நடந்தது இன்னுங் கேவலம். எங்கூட்டம்மா மனசு கேக்காமக் கச்சாயம் சுட்டுத் தூக்குப்போசி நெறையக் குடுத்தனுப்புனா. போசி திரும்பி வந்துச்சு. எப்படி வந்துச்சு? காலியா வந்துச்சுங்க. கழுவித் தொடச்சு, எங்கூட்டுக் கதவுல மாட்டிட்டுப் போயிட்டாங்க. நம்மூர்ல எந்தப் பொம்பளையாவது போசியக் காலியாத் திருப்பிக் குடுப்பாளா? ஒண்ணுமில்லாட்டி ஒரு கை சக்கரையாவது போட்டுத்தானுங்களே குடுப்போம். எங்கூட்டம்மா அந்தப் போசியப் பாத்துட்டு அழுதே போட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்படி நான் என்ன கொலையா பண்ணிப்போட்டேன்?

சொல்றேன், நீங்களே நாயஞ் சொல்லுங்க.

அவரு பேரு சோமசுந்தரம். கரண்ட் ஆபீஸ்ல இஞ்சினியரு. அவரு சம்சாரம், அந்தப் புள்ள பேரு வாசுகி. என்னை அண்ணா அண்ணான்னுதான் கூப்புடும், நானும் அம்மணின்னுதான் சொல்லுவேன், கூடப்பொறந்தவ மாதிரி. அவிங்களுக்கு ஒரே பையன், கிரிதரன். காலேஜ்ல ரெண்டாவது வருசம். அந்தப் பையன் போயிட்டான் தம்பி. பத்தொம்பது வயசு. சித்திரைல காய்ச்சல்னு படுத்தான், மஞ்சக்காமாலைன்னாங்க, ஈரல் போச்சுன்னாங்க, முடிஞ்சுபோச்சு. பயந்துக்காதீங்க, இந்த ஊட்ல இல்லீங்க, ஆஸ்பத்திரிலதான். ஊட்டு மேல ஒரு தோசமும் இல்ல.

அவங்கிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு. அதான் இந்தக் கதைக்கே வேரு. ரேஸ் சைக்கிளுங்க. ஹேண்டில் ஆட்டுக்கெடாக் கொம்பு மாதிரிக் கீழ வளஞ்சிருக்கும், குனிஞ்சு புடிச்சுட்டு ஓட்டோணும். குன்னூர்ல ஏதோ எஸ்டேட் பங்களாவுல பழைய சாமான ஏலம் போட்டப்ப, ஷெட்டு மூலைல கெடந்தத இவன் புடிச்சுட்டு வந்தான். வெள்ளக்காரன் ஊர்ல செஞ்ச வண்டி, உங்க வயசும் எம்பட வயசும் கூட்டுனாத்தான் அதும்பட வயசு வரும்னு வெச்சுக்கங்க. இரும்புதான், ஆனா ரெண்டு வெரல்ல தூக்கலாம். ஞாயித்துக்கெழமையானா ஆனைகட்டி, சிறுவாணி ரோடுன்னு போயிருவான். ஒரு தடவ பாலக்காடு போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வந்து நின்னான். தண்ணி குடிக்கக்கூட எறங்க மாட்டான், பாட்டில வாயில கடிச்சுட்டே மிதிப்பான். கேட்டுக்குள்ள அவன் வர்ற சத்தம் டிக்டிக்டிக்னு கேக்கும், அவிங்கம்மா இங்க தோசைக்கல்ல அடுப்புல போட்டுரும்.

ஆனா வண்டி பாக்கச் சகிக்காதுங்க. செவப்போ காவியோ தெரியாத ஒரு நெறம், அதுவும் உரிஞ்சு தொங்கும். மேல் கம்பில நசுங்கல். ஹேண்டில்ல சுத்துன டேப்பு கருகருன்னு, கை புடிக்கற எடத்துல மட்டும் எண்ணெ தடவுனாப்புல மினுமினுக்கும்.

நமக்குப் பெயிண்ட் பட்டறைங்க. கணபதி ஏரியால. பம்பு, மோட்டாரு, கேட்டுன்னு நம்ம கைபடாத இரும்பு இந்தக் கோயமுத்தூர்ல கெடையாது. இப்ப மருமகன் பாத்துக்கறாரு. நான் அவங்கிட்ட எத்தன தடவ சொல்லிருப்பேன், "டேய் கிரி, குடுடா, ஒரே நாள்ல மாப்பிள்ள மாதிரி ஆக்கித் தர்றேன்"னு. "வேண்டாம் அங்கிள். அந்தக் கீறல் எல்லாம் அது ஓடுன ஓட்டம்"பான். சிரிச்சுட்டே சொல்லுவான். பாவம், கூச்சம். நம்மகிட்டச் சும்மா வாங்கிக்கக் கூச்சம்.

நம்ம சனங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாததுங்களா? பந்தில உக்காந்தவன் எல மேல கைய மறச்சுட்டு, "போதுமுங்க, போதுமுங்க"ம்பான். சரின்னு வாளியத் தூக்கிட்டு அக்கட்டால போனா அது பந்தியா? அந்தக் கைய ஒதுக்கி உட்டுட்டு ரெண்டு கரண்டி ஊத்தோணும். அப்பத்தான் மரியாதை. எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கறது நானுங்க. "தெய்வசிகாமணி நின்னா ஒருத்தன் அரை வயித்தோட எந்திரிக்க மாட்டான்"னு பேரு. வேண்டாங்கறது ஒரு பேச்சுக்குச் சொல்றது. அதக் கேட்டுட்டு உட்டுட்டா நாம மனுசனே இல்ல.

இந்த ரூம்தான் அந்தப் பையனுது. வாங்க, பாருங்க. செவுத்துல ஆணி புடுங்குன ஓட்டையெல்லாம் இருக்குது, பூசிக் குடுக்கச் சொல்லிரலாம்.

பையன் போனதும் சோமசுந்தரம் ஒரு சொட்டு அழுகலீங்க. கருமாதி முடிஞ்சுது. சொந்தக்காரங்க சுத்தி உக்காந்து, "அவன் சாமானெல்லாம் கண்ணு முன்னால கெடந்தா இந்தப் புள்ள தேறாது"ன்னாங்க. அந்தப் புள்ளய தாராபுரத்துக்கு, அவிங்கம்மா ஊட்டுக்குத் தாட்டி உட்டுட்டு, மனுசன் ஒத்த ஆளா இந்த ரூம ஒழிச்சாரு. துணிமணி ஆசிரமத்துக்கு. பொஸ்தகம் காலேஜ் பசங்களுக்கு. கட்டிலு, மேசை, ஷூ, தலைகாணி, ஒண்ணு மிச்சமில்ல. பொண்டாட்டி பொழைக்கோணும்னு பண்ணுனாரு, அவரத் தப்புச் சொல்ல மாட்டேன்.

சைக்கிள மட்டும் யாருக்கும் குடுக்க மனசு வரல போல. வெடியால நான் நடக்கப் போறேன், கேட்டுப் பக்கத்துல குப்பைத் தொட்டி இருக்குதுங்களே, அது மேல சாய்ச்சு வெச்சிருக்குது. பக்கத்துல அவரு நிக்கறாரு. வெச்சுட்டுப் போகவும் முடியல, எடுத்துட்டு வரவும் முடியல.

"என்னங்க சோமு, இதப் போயி..."ன்னேன்.

"எடுத்துட்டுப் போயிருங்ணா. என்னமோ பண்ணிக்குங்க. என்ற கண்ணுல மட்டும் பட வேண்டாம்"னாரு.

துக்கத்துல சொல்றதையெல்லாம் கணக்குல வெக்க முடியுமுங்களா? நான் தள்ளிட்டு வந்து, கீழ பார்க்கிங்ல எங்காருக்குப் பின்னால, செவுத்தோரமா நிறுத்திப் போர்வை போட்டு மூடுனேன். நான் மட்டும் அந்நேரத்துக்கு வரலீன்னா அது குப்பை வண்டில போயிருக்கும். அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க.

வாசுகி திரும்பி வந்துச்சு. வந்து இந்த ரூமுக் கதவத் தொறந்துச்சு. தொறந்தா மொட்டச் செவுரு. ஒரு சத்தம் கேட்டுச்சுங்க தம்பி, எதுத்த ஊட்ல சோத்துத் தட்டு முன்னால உக்காந்திருந்த எனக்குக் கை எந்திரிக்கல. எங்கூட்டம்மா ஓடுனா. இந்தப் புள்ள தரைல உக்காந்து, "மோந்து பாக்க ஒரு சட்டைகூட வெக்கலியேக்கா"ன்னு அதையே சொல்லுதாம். சோமசுந்தரம் அந்தச் சன்னல் கம்பியப் புடிச்சுட்டு வெளிய பாத்துட்டு நின்னாராம்.

பொறவு ஒரு நா அந்தப் புள்ள எப்படியோ சைக்கிளப் பாத்துருச்சு. போர்வை நழுவியிருக்கும். அவரு ஆபீஸ் போனதும் கீழ எறங்கி வரும். காருக்கும் செவுத்துக்கும் நடுவுல குத்த வெச்சு உக்காந்துக்கும். அந்தக் கருப்பு டேப்பு மேல கைய வெச்சுக்கும். வெச்சா எடுக்காது. நான் ஒரு நா போயி, "என்ன அம்மணி, கொசு கடிக்கப் போவுது"ன்னேன்.

"இது ஒண்ணுதானுங்ணா மிச்சம்"னுச்சு. "இப்படியே இருக்கட்டுங்ணா. எதும் பண்ண வேண்டாம். அவருக்கும் தெரிய வேண்டாம். நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஒண்ணே ஒண்ணு மிச்சம், அத இப்படியா வெச்சிருக்கறது? துரு ஏறி, டயர் வெடிச்சு, சீட்டு கிழிஞ்சு? இருக்கற ஒரே பையனோட வண்டி, அதப் பாக்கப் பாக்க அந்தப் புள்ளைக்கு மனசு என்ன பாடு படும்? எதும் பண்ண வேண்டாமாம். எனக்கு வேலை வெக்கக் கூடாதுன்னு பாக்குது. அவருக்குத் தெரிய வேண்டாமாம். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சுங்க. தயாரா ஆனதுக்கப்பறம் அவருகிட்டக் காட்டோணும்னு அந்தப் புள்ளைக்கு உள்ளூர ஆசை.

எங்கூட்டம்மா மட்டும், "அந்தப் புள்ளதான் வேண்டாங்குதுல்லங்க"ன்னா. "உனக்கென்ன தெரியும், பேசாம இரு"ன்னுட்டேன்.

ஆடில வாசுகி அம்மாவுக்கு முடியாமப் போயி, அந்தப் புள்ள தாராபுரம் போயிருச்சு. எனக்கு அது தோதாப் போச்சு. வண்டியப் பட்டறைக்குக் கொண்டு போனேன். மருமகன் ஆளப் போடறேன்னாரு, வேண்டாம்னுட்டேன். நானே பண்ணுனேன் தம்பி. கைலிய மடிச்சுக் கட்டிட்டு நானே உக்காந்தேன். சீட்டுக் கம்பி எறுகிப்போயிக் கெடந்துச்சு, மண்ணெண்ணெ ஊத்தி ஊத்தி, தட்டித் தட்டி எடுத்தேன். சங்கிலிய டீசல்ல ஊறப் போட்டேன், கருப்பாத் தண்ணி எறங்குச்சு. ரிம்மு கோணலா இருந்துச்சு, உக்கடத்துல ஒருத்தங்கிட்டக் குடுத்து நேராக்குனேன். பிரேக் ஒயரு புதுசு. டயரு புதுசு. பேரிங் பால்ஸ் எல்லாம் மாத்தி, கிரீஸ் வெச்சு, சக்கரத்தச் சுத்தி உட்டா நிக்கவே மாட்டேங்குது, நான் டீ குடிச்சு முடிக்கறேன், இன்னுஞ் சுத்துது.

எனக்கும் அந்தப் பையன் மேல பாசமுங்க. சும்மா சொல்லல. பழைய பெயிண்டத் தேய்க்கறப்ப அழுதுட்டேதான் தேச்சேன். மேல் கம்பி நசுங்கலுக்குப் பட்டி வெச்சு எழச்சேன், தடவிப் பாத்தாக்கூடத் தெரியாது. சீட்டுக்குக் கீழ எவனோ காம்பஸ் முள்ளுல என்னமோ கீறி வெச்சிருந்தான், அதையும் தேச்செடுத்தேன். மயில்கழுத்துப் பச்சைல பவுடர் கோட்டிங். ஓவன்ல இருந்து எடுத்தப்பப் பட்டறைல இருந்த அத்தன பேரும் வேலைய உட்டுட்டு வந்து பாத்தாங்க. கிழிஞ்ச சீட்டத் தூக்கிப்போட்டு நல்ல குஷன் சீட்டு. ஹேண்டிலுக்கு வெள்ளை டேப்பு. ஸ்டாண்டே இல்லீங்க அந்த வண்டிக்கு, ஸ்டாண்டு இல்லாதது ஒரு சைக்கிளா? ஸ்டாண்டு போட்டேன், பின்னால கேரியர் போட்டேன், ஒரு பெல்லும் வெச்சேன். கழட்டுன பழைய சாமானெல்லாம் ஒரு சாக்குல கட்டி இங்க ஊட்டுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன், எதாச்சும் ஒண்ணு எதுக்காச்சும் ஒதவும்னு.

புரட்டாசில வாசுகி திரும்பி வந்துச்சு. வந்த அன்னைக்கே பார்க்கிங்ல போயிப் பாத்திருக்குது. நேரா எங்கூட்டுக்கு வந்து, "சைக்கிள் எங்கிங்ணா?"ன்னுச்சு. மூஞ்சில ரத்தமே இல்ல.

"பத்தரமா இருக்குது அம்மணி, பட்டறைல. ஆயுத பூசைக்கு வந்துரும்."

"எதும் பண்ணலீங்களே?"

"ஒண்ணும் பண்ணல போ"ன்னு சிரிச்சேன். முன்னாடியே சொல்லிப்போட்டா அதுல என்ன சந்தோசம் இருக்குது? அந்தப் புள்ள என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சு. பொறவு போயிருச்சு.

ஆயுத பூசைக்கு முந்தின நா எங்கூட்டம்மா ஊடு கழுவுனா. பூசைன்னா பழசு பட்டையெல்லாம் ஒழிக்கறதுதானுங்களே. அந்தச் சாக்கையும் தூக்கிக் கீழ குப்பைத் தொட்டில போட்டுட்டா. நாந்தான் போடச் சொன்னேன். கிழிஞ்ச சீட்டும் அழுக்கு டேப்பும் சாமி கும்புடற ஊட்ல எதுக்கு?

துக்க ஊட்ல வருசம் திரும்பற வரைக்கும் பண்டிகை கெடையாது. எனக்குத் தெரியாததா? அதனாலதாங்க, அவிங்க கும்புட முடியாது, நாம கும்புட்டுக் கொண்டு போயிக் குடுப்போம்னு நெனச்சேன். பட்டறைல வெச்சுச் சந்தனம் குங்குமம் வெச்சு, செவ்வந்தி மாலை போட்டு, எலுமிச்சங்காய நசுக்கி, டெம்போல ஏத்திக் கொண்டு வந்து, லிப்டுல நிக்க வெச்சு மேல கொண்டு வந்தேன். இந்த வாசப்படிதான். நீங்க இப்பச் செருப்பு உட்டீங்களே, அதே எடம். அக்கம்பக்கத்துல எல்லாரையும் வரச் சொல்லிருந்தேன். பொரிகடலையெல்லாம் தட்டுல வெச்சிருக்கறா எங்கூட்டம்மா. நான் காலிங் பெல் அடிக்காம, சைக்கிள் பெல்ல அடிச்சேன். டிரிங் டிரிங்னு.

சோமசுந்தரம் கதவத் தொறந்தாரு. பாத்தாரு. அவரு பின்னால இருந்து வாசுகி எட்டிப் பாத்துச்சு.

பாத்துட்டு, "யாரு வண்டிங்ணா இது?"ன்னு கேட்டுச்சு.

அம்புட்டு நல்லாப் பண்ணிருக்கறேன்! பெத்தவளுக்கே அடையாளந் தெரியல! நான் சிரிச்சுட்டே, "நம்ம கிரி வண்டி அம்மணி!"ன்னேன்.

அந்தப் புள்ள மாலைய ஒதுக்கிட்டுக் குனிஞ்சுச்சு. மேல் கம்பியத் தடவுச்சு, இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்க. சீட்டுக்கடில கைய உட்டு எதையோ தேடுச்சு. அங்க பேரு எழுதியிருந்தானாமுங்க, ஸ்கூல் படிக்கறப்ப. எனக்கென்ன தெரியும்? கீறல்னா கீறல்தானே. கடசீல அந்த வெள்ளை டேப்பத் தொட்டுச்சு, சுட்டாப்புலக் கைய எடுத்துச்சு.

"பழைய டேப்பு எங்கிங்ணா?"

"அந்த அழுக்கா? நேத்தே குப்பைல போட்டாச்சு அம்மணி."

அவ்வளவுதானுங்க. அந்தப் புள்ள என்னை ஒதுக்கித் தள்ளிட்டுப் படிக்கட்டுல ஓடுச்சு. லிப்டுக்குக்கூட நிக்கல. செருப்பில்லாம, தலைய முடியாம. நாங்க எல்லாரும் பின்னாலயே ஓடுனோம். போயிப் பாத்தா குப்பைத் தொட்டிக்குள்ள பாதி ஒடம்பு உள்ள இருக்குதுங்க. வாழையெலை, பூசணிக்காயி, சாணித்துணி, எல்லாத்தையும் வாரி வாரி வெளிய எறியுது. வாட்ச்மேன் சொல்றாரு, "அம்மா, வெடியாலயே வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சும்மா, இது இன்னைக்குக் குப்பைம்மா"ன்னு. காதுலயே வாங்கல.

அப்ப சோமசுந்தரம் வந்தாரு. இனி அவரு கூட்டிட்டுப் போயிருவாருன்னு நாங்க வழி உட்டு நின்னோம். கரண்ட் ஆபீஸ்ல அத்தன பேரு கைகட்டி நிக்கற மனுசனுங்க. சட்டைக் கையச் சுருட்டுனாரு. சுருட்டிட்டு அவரும் உள்ள கைய உட்டுட்டாரு. ரெண்டு பேரும் ஒட்டுக்காத் தேடறாங்க. பையன் செத்தப்ப அழுகாத மனுசன், "நாந்தானே வாசு எல்லாத்தையும் குடுத்தேன், நாந்தானே குடுத்தேன்"னு சொல்லிச் சொல்லி, மூக்குல வாயில ஒழுகுது, தொடைக்கல, தேடறாரு. புதுத்துணி போட்டுட்டு அத்தன சனமும் நிக்குது. எல்லாரும் தொட்டியப் பாக்கல தம்பி, என்னையப் பாக்கறாங்க. எங்கூட்டம்மா பொரித் தட்டக் கீழ வெச்சுட்டு மொகத்த மூடிக்கிட்டா.

நீங்களே சொல்லுங்க. நான் என்ன பண்ணிப்போட்டேன்? என்ற கையால, என்ற பட்டறைல, ஒரு மாசம்... ஒரு வார்த்தை நல்லாருக்குதுன்னு சொல்லலியே.

வாங்க, பூட்டிப்போட்டு வர்றேன். கீழ பார்க்கிங்ல வண்டி நிக்குது, போறப்பப் பாத்துட்டுப் போங்க. அவிங்க எடுத்துட்டுப் போகல. யாரும் ஓட்டறதில்ல. தெனமும் தொடைக்கறேன். வேணும்னா நீங்க எடுத்துக்கங்க, உங்களுக்கு உசரம் சரியா இருக்கும். வேண்டாமா? கூச்சப்படாதீங்க. சரி உடுங்க, குடி வந்தப்பறம் பேசிக்கலாம்.

எதக் கேக்கறீங்க? இதா? இது செடிக்குத் தண்ணி ஊத்தற பாட்டிலுங்க. நல்லாப் பீச்சுது. இதுவும் அந்த வண்டில மாட்டியிருந்ததுதான். மொத நாளே கழட்டி எடுத்துட்டேன், நல்ல கெட்டி பாட்டிலு, இத எதுக்குக் குப்பைல போடோணும்? வாய்தான் கொஞ்சம் அசிங்கம். பாருங்க, நறநறன்னு கடிச்சு வெச்சிருக்கறான். மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாம் அப்படியே... இந்தப் பக்கம் ஒரு பல்லு கோணலா... அவனுக்கு ஒரு பல்லு கோணலா இருக்கும், சிரிச்சாத் தெரியும்...

என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க.

இருங்க.

இருங்க, சித்த இருங்க. உக்காந்துக்கறேன்.

இது எங்கிட்டத்தானே இருந்துச்சு. அந்தப் புள்ள குப்பைக்குள்ள கைய உட்டுட்டு இருந்தப்ப இது இங்க, இந்தச் செடித்தொட்டி மேலதானே இருந்துச்சு. லாரி போன அன்னைக்கும் நான் இதுலதானே தண்ணி ஊத்திட்டு நின்னேன்.

நம்பர் இருக்குதுங்க. என்ற போன்ல இருந்து பண்ணுனா எடுக்க மாட்டாங்க, பண்ணிப் பாத்துட்டேன். உங்க போன்ல இருந்து பண்றீங்களா? பீளமேட்டுப் பக்கந்தான் இருக்கறாங்களாம். நீங்களே கொண்டு போயிக் குடுத்துருங்க. நான் வரல. எம்பேரச் சொல்ல வேண்டாம். இல்ல, சொல்லுங்க. என்னமோ, உங்க இஷ்டம். அடியே ருக்மணி, அந்த மஞ்சப்பை ஒண்ணு எடுத்துட்டு வா. சோப்பும் கொண்டா. வாயெல்லாம் மண்ணும் பாசியுமா இருக்குது, இப்படியேவா குடுக்கறது, ஒரு நிமிசம், நல்லாத் தேச்சுக் கழுவிக்...

ஏனுங்க தம்பி கையப் புடிக்கறீங்க?

வேண்டாமுங்களா?

சும்மா ஒரு அலசு அலசி... வேண்டாமா.

சரிங்க. வேண்டாம்னா வேண்டாம். நான் தொடல. இந்தாங்க, நீங்களே புடிங்க.